சிங்கப்பூர் வேலை: பெர்மிட்டா, எஸ் பாஸா, இ பாஸா?

2025 அக்டோபர் 5 – வாசகர் கேள்வி

டிப்ளோமா மெக்கானிக்கல் முடித்து ஆறு ஆண்டு அனுபவம். சிங்கப்பூரிலிருந்து இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. முதலாவது கட்டுமானப் பெர்மிட், அதாவது தொழிலாளர்களுக்கான வேலை அனுமதி. டெஸ்ட் அடித்துவிட்டு, அதாவது திறன் தேர்வில் தேறிவிட்டுப் போக வேண்டும், மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓவர்டைம் தனி. இரண்டாவது எஸ் பாஸ், நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான வேலை அனுமதி. கடிதத்தில் 3,300 வெள்ளி இருக்குமாம், சம்பளம் வங்கியில் விழுந்ததும் 1,500 வெள்ளியை எடுத்துக் கம்பெனியிடம் கொடுத்துவிட வேண்டுமாம். எப்படிப் பார்த்தாலும் 1,800 கையில் நிற்கிறது, எஸ் பாஸ் என்ற மரியாதையும் இருக்கிறது. பெர்மிட்டில் போகிறவர்கள் விவரம் தெரியாமல் போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

2025 அக்டோபர் 5, இரவு

தம்பி, இரண்டாவதற்குச் சம்மதம் சொல்லிவிடாதீர்கள். முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். காரணத்தை நாளை விரிவாக எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 6

நான் இங்கே பெர்மிட்டில் வந்தவன். இப்போது எஸ் பாஸில் இருக்கிறேன். ஒரு ஒப்பந்ததாரர் அலுவலகத்தில் பாஸ் விண்ணப்பங்களைத் தயார் செய்வதும் என் வேலைகளில் ஒன்று. அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

பெர்மிட், எஸ் பாஸ், நிபுணர்களுக்கும் மேலாளர்களுக்குமான இ பாஸ் மூன்றையும் மாடிப்படி போலப் பார்க்கிறோம். கீழ்ப்படி, நடுப்படி, மேல்படி. முகவர்கள் பிழைப்பதே இந்த எண்ணத்தை வைத்துத்தான். மனிதவள அமைச்சு அப்படிப் பார்ப்பதில்லை. எந்த வேலை, எவ்வளவு சம்பளம், எந்தத் தகுதி, எந்தத் துறை என்று பார்த்து அதற்குரிய பாஸைக் கொடுக்கிறது. செய்யும் வேலையும் வாங்கும் சம்பளமும் பாஸில் இருப்பதோடு ஒத்துப்போனால் அதுதான் சரியான பாஸ், பெயர் எதுவாக இருந்தாலும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலை கொடுப்பதற்காக ஊழியரிடமிருந்து முதலாளி பணம் வாங்குவது வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டப்படி குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சம்பளத்திலிருந்து பிடித்தாலும், வங்கியிலிருந்து எடுத்துக் கையில் கொடுக்கச் சொன்னாலும் ஒன்றுதான். பாஸ் வாங்குவதற்காகப் பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். அதற்கு 20,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. முதலாளி தண்டிக்கப்படட்டும், நமக்கென்ன என்று இருக்க முடியாது. முன்கூட்டியே தெரிந்து ஒப்புக்கொண்டு வந்தவரின் பாஸும் ஆட்டம் காணும், மறுபடி இங்கே வரும் வாய்ப்பும் ஆட்டம் காணும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. வருமான வரி. ஆண்டுக்கு 39,600 வெள்ளி சம்பாதித்ததாகக் கணக்கு காட்டப்படும். முழு ஆண்டும் இங்கே இருந்து வேலை செய்பவருக்கு அதற்கு ஏறக்குறைய 500 வெள்ளி வரி வரும். உண்மையில் உங்களிடம் தங்கிய 21,600 வெள்ளிக்கு வரி பத்துப் பதினைந்து வெள்ளியைத் தாண்டாது. அவர்கள் பறித்துக்கொண்ட பணத்துக்கும் வரி கட்டப்போவது நீங்கள்தான்.

2025 அக்டோபர் 6, பின்னிரவு

வயதைக் கேட்டு எழுதியிருந்தேன். 28 என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் முகவர் சொன்ன தொகையே தவறு. எஸ் பாஸுக்கு 3,300 வெள்ளி என்பது 2025 செப்டம்பர் 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்கு உள்ள தொடக்கத் தொகை. அது 23 வயதுவரை உள்ளவருக்கு. வயது ஏற ஏற அது உயர்ந்து 45 வயதில் 4,800 ஆகிறது. நிதித்துறைக்கு இன்னும் அதிகம், 3,800இல் தொடங்குகிறது. 28 வயதுக்காரருக்கு 3,300 போட்டு விண்ணப்பித்தால் அது தேறாது.

மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது. இலவசம். வயது, படிப்பு, சம்பளம், துறையைப் போட்டால் எஸ் பாஸோ இ பாஸோ கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடும். முகவரிடம் போவதற்கு முன்பு அங்கே போங்கள்.

2025 அக்டோபர் 8

நேற்று ஒருவர் கேட்டார்: "பெர்மிட்டில் கடை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், போகலாமா?"

இந்தியர் என்றால் நின்று யோசியுங்கள். பெர்மிட்டுக்குத் துறைக் கட்டுப்பாடும் உண்டு, நாட்டுக் கட்டுப்பாடும் உண்டு. இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், மியன்மார், பிலிப்பைன்ஸ், தாய்லாந்துக்காரர்கள் பெர்மிட்டில் கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் (எண்ணெய், ரசாயன ஆலைகள் போன்றவை) துறைகளில் வேலை செய்யலாம். சேவைத்துறையிலும் உற்பத்தித்துறையிலும் அமைச்சு வெளியிட்டிருக்கும் தொழில் பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டுமே வரலாம். அந்தப் பட்டியல் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் சமையல்காரர், கனரக வாகன ஓட்டுநர், உற்பத்தி ஆலையில் இயந்திரம் இயக்குபவர் ஆகியவற்றையும் சேர்த்து விரித்திருக்கிறார்கள். இந்தப் பட்டியலின் கீழ் வருபவருக்குக் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

கடையில் கல்லாவில் உட்காருவதும் துணி எடுத்துக் காட்டுவதும் அந்தப் பட்டியலில் இல்லை. பிறகு எப்படிக் கூப்பிடுகிறார்கள்? கட்டுமானப் பெர்மிட் எடுத்துக் கடையில் நிறுத்துகிறார்கள். சோதனைக்கு ஆள் வந்தால் பின்வாசல் வழியாக ஓடச் சொல்கிறார்கள். அட்டையில் ஒரு கம்பெனி, ஒரு தொழில். நிற்பது வேறொரு கம்பெனியில், வேறொரு தொழிலில். பிடிபட்டால் அட்டையில் பெயர் இருப்பவர்தான் முதலில் மாட்டுவார்.

2025 அக்டோபர் 9

"எஸ் பாஸ் என்றால் குடும்பத்தைக் கூப்பிடலாமே, அதற்காகவாவது போகலாம்" என்று ஒரு நண்பர். முடியாது. குடும்பத்தாருக்கான பாஸுக்கு நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். எஸ் பாஸானாலும் இ பாஸானாலும் அதுதான் விதி. இ பாஸில் 5,600 வாங்குபவரும் மனைவி மக்களை இந்த வழியில் அழைத்துக்கொள்ள முடியாது. பெற்றோரை நீண்டகாலம் தங்க வைக்கச் சம்பளம் 12,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். பெர்மிட்டில் இருப்பவருக்கு இந்த வழியே கிடையாது.

2025 அக்டோபர் 12

ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது. ஐபிஏ கடிதத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பெர்மிட்டுக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் வந்ததும் ஊழியருக்கு ஒரு கடிதம் வரும். அதைத்தான் ஐபிஏ என்கிறோம். நம் மொழியிலும் ஒரு படி இருக்கும். அதை நீங்கள் புறப்படுவதற்கு முன்பே முதலாளி உங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். விமான நிலையத்தில் வைத்துக் கொடுப்பதாக முகவர் சொன்னால் அப்போதே சந்தேகப்படுங்கள்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கணக்கு இதோ. ஓவர்டைம் கணக்கிட ஒரு மணிநேர அடிப்படை ஊதியம் வேண்டும். மாத அடிப்படையை 12ஆல் பெருக்கி, 52ஐ 44ஆல் பெருக்கி வரும் 2,288ஆல் வகுக்க வேண்டும். ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு.

அடிப்படை 800 என்றால் மணிக்கு 4.20 வெள்ளி, ஓவர்டைமுக்கு 6.29 வெள்ளி. அதே 800ஐ அடிப்படை 500, அலவன்ஸ் 300 என்று பிரித்து எழுதினால்? மணிக்கு 2.62, ஓவர்டைமுக்கு 3.93. மாதத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் 72 மணிநேர ஓவர்டைமும் செய்தால் முதல் கடிதக்காரருக்கு 453 வெள்ளி வரும், இரண்டாம் கடிதக்காரருக்கு 283. வியர்வை ஒன்றுதான், 170 வெள்ளி மாதாமாதம் போகிறது. கட்டுமானப் பெர்மிட்டுக்குச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளம் வைக்கவில்லை. அதனால் இந்த ஒரு வரியில்தான் நம் பிழைப்பு இருக்கிறது.

அடுத்து, பிடித்தம். கடிதத்தில் இல்லாத பிடித்தத்தைப் பிறகு நுழைக்கக் கூடாது. கடிதத்தில் உள்ள சம்பளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதமும் வேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். வந்து இறங்கியதும் "இது புது ஒப்பந்தம், கையெழுத்துப் போடு" என்று நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்கி வைத்துக்கொண்டு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

கடிதத்தைப் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

2025 அக்டோபர் 12, மாலை

லெவியைப் பற்றி மேலே எழுத விட்டுப்போனது. லெவி என்பது வெளிநாட்டு ஊழியரை வைத்திருப்பதற்காக முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்குக் கட்டுவது. "உனக்காக லெவி கட்டுகிறேன், பாதியை நீ கொடு" என்று கேட்கக் கூடாது. மலேசியர் அல்லாத பெர்மிட் ஊழியருக்காகக் கட்டப்படும் 5,000 வெள்ளி உத்தரவாதத் தொகையும் அப்படித்தான், அது முதலாளியின் பொறுப்பு.

2025 அக்டோபர் 15

இந்த இழையை மறுபடி மேலிருந்து வாசித்தேன். எஸ் பாஸே வேண்டாம் என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. உண்மையான எஸ் பாஸ் கிடைத்தால் தாராளமாக வாருங்கள்.

அதில் இருக்கும் நன்மைகள் கண்கூடானவை. எஸ் பாஸ்காரர் வேலை மாற முன்னாள் முதலாளியின் சம்மதம் தேவையில்லை. புதிய முதலாளி புதிதாக விண்ணப்பித்தால் போதும். நிரந்தரவாசத்துக்கு எஸ் பாஸிலும் இ பாஸிலும் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம், பெர்மிட்டில் இருப்பவர் முடியாது. பெர்மிட்டில் இருப்பவர், முன்பு இருந்தவரும்கூட, சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க அமைச்சின் அனுமதி வாங்க வேண்டும். எத்தனை பேருக்கு இது தெரியாமல் மனம் உடைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஓவர்டைம் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். "எஸ் பாஸுக்கு ஓவர்டைம் கிடையாது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சட்டம் பாஸின் பெயரைப் பார்ப்பதில்லை, வேலையைப் பார்க்கிறது. உடல் உழைப்பு வேலை செய்பவர் என்றால் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை ஓவர்டைம் உரிமை உண்டு. மற்றவர்களுக்கு அந்த எல்லை 2,600. ஆக, 3,600 வாங்கும் எஸ் பாஸ் டெக்னீஷியன், கையில் ஸ்பேனர் பிடித்து வேலை செய்பவர், ஓவர்டைமைக் கேட்டு வாங்கலாம். அதே 3,600 வாங்கும் எஸ் பாஸ் கணக்காளருக்குச் சட்டப்படி அந்த உரிமை இல்லை; ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு.

கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்கள் பதவி "சூப்பர்வைசர்" என்று எழுதப்பட்டு, நீங்கள் காலையிலிருந்து இரவு வரை இயந்திரத்தைக் கழற்றி மாட்டுகிறீர்கள் என்றால், சண்டை வரும்போது அந்த ஒரு சொல்லைக் காட்டித்தான் ஓவர்டைமை மறுப்பார்கள். பதவிப் பெயரை முன்கூட்டியே கேளுங்கள்.

2025 அக்டோபர் 16

இ பாஸ் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சுருக்கமாக.

2025 ஜனவரி 1 முதல் புதிய விண்ணப்பத்துக்குத் தொடக்கச் சம்பளம் 5,600 வெள்ளி. வயதோடு ஏறி 45இல் 10,700. நிதித்துறையில் 6,200இல் தொடங்குகிறது. சம்பளம் மட்டும் போதாது. 2023 செப்டம்பர் முதல் கம்பாஸ் என்ற புள்ளி முறை இருக்கிறது. 40 புள்ளி எடுக்க வேண்டும். உங்கள் சம்பளம் அந்தத் துறையின் உள்ளூர் நிபுணர்களோடு ஒப்பிட எங்கே நிற்கிறது, உங்கள் படிப்பு, கம்பெனியில் உங்கள் நாட்டுக்காரர்கள் ஏற்கெனவே எத்தனை பங்கு, கம்பெனி உள்ளூர்க்காரர்களுக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறது. இவை நான்கும் அடிப்படை. திறன் பற்றாக்குறைப் பட்டியலில் உள்ள தொழில் என்றால் கூடுதல் புள்ளி உண்டு.

மூன்றாவதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு கம்பெனியின் நிபுணர், மேலாளர் வேலைகளில் உங்கள் நாட்டவர் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தப் பிரிவில் சுழியம்தான். "இந்தியர்கள் நிறைய இருக்கும் கம்பெனி, சுலபமாகப் பாஸ் கிடைக்கும்" என்று முகவர் சொன்னால் நிலைமை நேர் எதிரானது. இப்படிப்பட்ட ஊழியர்கள் 25க்கும் குறைவாக உள்ள சின்னக் கம்பெனிகளுக்கு அந்தப் பிரிவில் 10 புள்ளி தானாகக் கிடைக்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று: பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை. இ பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நல்ல கம்பெனிகள் கொடுப்பார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. இங்கே ஓர் அறுவை சிகிச்சை பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

2025 அக்டோபர் 16, இரவு

முதலாளியோடு கட்டப்படாத பாஸ் இருக்கிறதா என்று கேட்டவருக்கு: இருக்கிறது. தனிப்பட்ட இ பாஸ் என்று ஒன்று, மூன்று ஆண்டு, புதுப்பிக்க முடியாது. மாதம் 22,500 வெள்ளி நிலையான சம்பளம் வாங்குபவர்களுக்கு. ஒன் பாஸ் என்று இன்னொன்று, 30,000 வெள்ளி வாங்குபவர்களுக்கு, ஐந்து ஆண்டு. இந்த இழையை வாசிப்பவர்களில் யாருக்காவது அது பொருந்தினால் மிகுந்த மகிழ்ச்சி.

2025 அக்டோபர் 19

தம்பி தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். முகவர் இப்போது வேறு கதை சொல்கிறாராம்: "3,300 போதாது என்றால் 3,700 போடுகிறோம், 1,900 திருப்பிக் கொடு." கடிதத்தில் தொகை ஏறுகிறது, கையில் நிற்பது மட்டும் அதே 1,800.

கம்பெனியின் அளவைக் கேட்கச் சொன்னேன். உணவுக்கடைச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் சிறு நிறுவனம், மொத்தம் ஆறு பேர். சேவைத்துறையில் எஸ் பாஸ் ஊழியர்கள் மொத்த ஆள்பலத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உங்களையும் சேர்த்து பத்துப் பேராவது இருந்தால்தான் ஓர் எஸ் பாஸ் கிடைக்கும். கட்டுமானம், உற்பத்தி, கப்பல் பட்டறை, பிராசஸ் துறைகளில் 15 விழுக்காடு. ஆறு பேர் கம்பெனிக்கு ஒரு எஸ் பாஸ் எப்படி வரும்? வேலைக்கு வராத உள்ளூர்க்காரர்களின் பெயரைச் சேர்த்து, அவர்களுக்கு மத்திய சேமநிதி மட்டும் கட்டிக் கணக்குக் காட்டுவார்கள். உங்களிடமிருந்து திரும்ப வாங்கும் பணத்தில் ஒரு பகுதி அதற்குத்தான் போகிறது. மாதம் 650 வெள்ளி எஸ் பாஸ் லெவியும் அதிலிருந்துதான். ஆக உங்கள் பாஸுக்கான செலவு முழுவதையும் உங்கள் தலையிலேயே கட்டுகிறார்கள். இந்த ஏற்பாடு பிடிபடும் நாளில் அந்தக் கம்பெனியின் எல்லாப் பாஸ்களும் கேள்விக்குள்ளாகும், உங்களுடையதும்.

எனக்குக் கோபம் வருகிறது. பட்டம், டிப்ளோமா படித்த பிள்ளைகளிடம் மரியாதை என்ற ஆசையைக் காட்டியே இதைச் செய்கிறார்கள்.

2025 அக்டோபர் 20

முகவர் கட்டணம்: சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவை ஊழியரிடம் வாங்கக்கூடியது, பாஸ் காலத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். உரிம எண்ணை அமைச்சின் தளத்தில் சரிபார்க்கலாம். நம் பக்கத்து முகவர் வாங்குவது இந்தக் கணக்கில் வராது. பெரும்பாலான கடன் அங்கேதான் ஏறுகிறது.

2025 அக்டோபர் 24

பெர்மிட்டில் வருவதா என்று இன்னும் தயங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மனத்துக்கு நெருக்கமான விஷயமும் இதுதான்.

கட்டுமானப் பெர்மிட்டில் அடிப்படைத் திறன், உயர்திறன் என்று இரு நிலைகள் உண்டு. 2024 ஜனவரி முதல் அடிப்படைத் திறன் ஊழியருக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி லெவி கட்டுகிறார். உயர்திறன் ஊழியருக்கு 500. நீங்கள் உயர்திறன் நிலைக்குப் போனால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். கோர்ட்ரேட், மல்ட்டிஸ்கில் போன்ற தேர்வுகள் வழியாக அங்கே போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி மையங்களில் நம் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து படிப்பதைப் பார்த்தால் மனம் நிறையும்.

இந்த 400 வெள்ளியைத் தெரிந்து வைத்திருப்பவர் சம்பள உயர்வு கேட்கும்போது குனிந்து கேட்பதில்லை. எங்கள் வேலையிடத்தில் ஃபார்ம்வொர்க் (கான்கிரீட் அச்சு அமைக்கும்) வேலை செய்யும் ஓர் அண்ணன் சான்றிதழை வாங்கி வந்து மேலாளர் மேசையில் வைத்தார். "இனி எனக்காக நீங்கள் கட்டுவது குறையும் சார். அதில் பாதியாவது என் அடிப்படையில் சேர்ந்தால் நான் வேறு இடம் பார்க்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார். அடிப்படையில் 150 வெள்ளி கூடியது. அலவன்ஸில் போடுகிறோம் என்று முதலில் சொன்னார்கள். அடிப்படையில்தான் வேண்டும் என்று அவர் விடவில்லை. ஏன் விடவில்லை என்பதற்கு அக்டோபர் 12 குறிப்பில் உள்ள கணக்கைப் பாருங்கள்.

இன்னொரு மாற்றம்: 2025 ஜூலை 1 முதல் பெர்மிட் ஊழியர் மொத்தம் இத்தனை ஆண்டுதான் இருக்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். வேலை செய்யும் வயது வரம்பும் 63 ஆகியிருக்கிறது. கைத்தொழிலில் தேர்ந்தவருக்குப் பெர்மிட்டிலேயே நீண்ட காலம் இருக்க முடியும்.

2025 அக்டோபர் 25

"ட்ரெய்னிங் பாஸில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பவர்களுக்கு ஒரே பதில். பயிற்சிக்கான இ பாஸ் மூன்று மாதம், புதுப்பிக்க முடியாது. மாற்றித் தருவதாகச் சொல்பவர் எழுத்தில் தருவாரா என்று கேளுங்கள்.

2025 நவம்பர் 2

ஒரு சகோதரி: கணவர் இ பாஸில் இருக்கிறார், நான் குடும்பப் பாஸில் வந்து வேலை தேடலாமா? முன்பெல்லாம் ஒப்புதல் கடிதம் என்று ஒன்று வாங்கி வேலை செய்தார்கள். 2021 மே 1 முதல் அது மாறிவிட்டது. வேலை செய்ய வேண்டுமென்றால் உங்களுக்கென்று தனியாகப் பெர்மிட்டோ, எஸ் பாஸோ, இ பாஸோ வேண்டும். சொந்தமாகத் தொழில் நடத்துபவர்களுக்கு மட்டும் பழைய வழி நிபந்தனைகளோடு இருக்கிறது. பழைய காணொளிகளை நம்பி வந்துவிடாதீர்கள். கணவரின் பாஸ் போனால் உங்கள் குடும்பப் பாஸும் போகும் என்பதால், தகுதி இருந்தால் சொந்தப் பாஸ் வாங்கிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

2025 நவம்பர் 9

ஏற்கெனவே பணம் திருப்பிக் கொடுக்கும் எஸ் பாஸில் மாட்டிக்கொண்டவர் ஒருவர் எழுதியிருக்கிறார். பயத்தில் எழுதியிருக்கிறார், வரிகளைப் பார்த்தாலே தெரிகிறது.

சகோதரா, முதலில் ஆதாரம். சம்பளம் விழுந்த அன்றோ மறுநாளோ ஒரே தொகையை எடுத்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த வங்கிக் கணக்கு விவரமே பேசும். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் தமிழில் பேசலாம். பணம் பறிப்பதைப் பற்றி மனிதவள அமைச்சிடம் புகார் செய்யலாம். வராத சம்பளத்துக்கு டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பு. வேலையில் இருக்கும்போது என்றால், சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள். வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். தள்ளிப்போட்டால் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவும்.

புகார் செய்தால் உடனே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மிரட்டுவார்கள். நியாயமான சம்பளப் புகார் உள்ளவர்கள் வேறு முதலாளியைத் தேட அமைச்சு அனுமதிப்பது உண்டு. நீங்கள் தனி ஆள் இல்லை.

2025 நவம்பர் 10

மேலே எழுதியதைப் பற்றி இரவு முழுவதும் யோசித்தேன். முன்பே தெரிந்து ஒப்புக்கொண்டவரின் நிலை ஆட்டம் காணும் என்று அக்டோபர் 6இல் எழுதியிருக்கிறேன். அதை வாசித்துவிட்டு இந்தச் சகோதரர் போன்றவர்கள் வாய் திறக்காமல் இருந்துவிடக் கூடாது. அந்த எச்சரிக்கை இன்னும் புறப்படாதவர்களுக்கு. உள்ளே வந்துவிட்டவர், தானே முன்வந்து உண்மையைச் சொல்வது வேறு. சோதனையில் பிடிபட்ட பிறகு சொல்வது வேறு.

2025 நவம்பர் 16

பெர்மிட்டில் இருப்பவர் முதலாளியை மாற்றவே முடியாது என்று ஒருவர் எனக்கு எழுதியிருப்பது சரியல்ல. கட்டுமானத்துறையில் பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் முன்புவரை உள்ள இடைவெளியில் புதிய முதலாளி உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். பழைய முதலாளியின் சம்மதம் வேண்டாம். மூன்று வாரம்கூட இல்லாத காலம். அட்டை முடியும் தேதியைத் தெரிந்து வைத்து, அதற்கு இரண்டு மாதம் முன்பே வேலை தேடத் தொடங்கியவர்களால்தான் இதைப் பயன்படுத்த முடிகிறது. அமைச்சின் எஸ்ஜிவொர்க்பாஸ் செயலியில் அட்டையை ஸ்கேன் செய்தால் தேதி தெரியும்.

2025 நவம்பர் 23

தம்பி முடிவெடுத்துவிட்டார். எஸ் பாஸ் முகவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெர்மிட் தருவதாகச் சொன்ன கம்பெனியிடம், அடிப்படை 800ஐப் பிரிக்காமல் கடிதத்தில் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஒப்புக்கொண்டார்களாம். இன்னொரு வழியும் சொன்னேன்: பிராசஸ் துறையில் பராமரிப்பு டெக்னீஷியன்களை உண்மையான எஸ் பாஸில் எடுக்கும் பெரிய ஆலை ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள், டிப்ளோமாவும் ஆறு ஆண்டு அனுபவமும் அங்கே செல்லும். டெஸ்ட் தேதி வருவதற்குள் அவர்களுக்கும் விண்ணப்பித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பெர்மிட்டில் வரட்டும், வந்த பிறகும் அந்தக் கதவு திறந்தேதான் இருக்கும்.

2025 டிசம்பர் 1

எஸ் பாஸில் ஏற்கெனவே இருப்பவர்கள் கவனத்துக்கு. 3,300 என்ற புதிய தொகை இப்போதைக்குப் புதிய விண்ணப்பங்களுக்கு. புதுப்பித்தலுக்கு 2026 செப்டம்பர் 1 முதல், அதாவது அன்றும் அதற்குப் பிறகும் முடியும் பாஸ்களுக்கு. உங்கள் பாஸ் அதற்குப் பிறகு முடிகிறது என்றால், உங்கள் வயதுக்கு எவ்வளவு வேண்டும் என்று சுயமதிப்பீட்டுக் கருவியில் இப்போதே பாருங்கள். குறைகிறது என்றால் முதலாளியிடம் இந்த ஆண்டு இறுதிச் சம்பளப் பேச்சிலேயே எடுத்துச் சொல்லுங்கள். கடைசி மாதத்தில் சொன்னால், கடிதத்தில் மட்டும் ஏற்றிவிட்டுக் கையில் திருப்பித் தரும்படி அவரும் கேட்கத் தொடங்கிவிடுவார்.